வாட்டர் சர்வீஸ் கழிவுநீர்: ஆயிலைத் தின்னும் பாக்டீரியா மலைக் குளிரில் வேலை செய்யுமா?

#1 கோத்தகிரி_ராம்ப்

வணக்கம். கோத்தகிரியில் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன். ஒரு நாளைக்கு 20, 25 வண்டி: ஜீப், பிக்கப், பச்சைத் தேயிலை ஏத்துற லாரி, ரெண்டு மூணு மினி பஸ். தண்ணீர் சுமார் 5,000 லிட்டர். இருப்பது மூணு அறை ஆயில் டிராப் (ஆயிலை மிதக்க விட்டுப் பிரிக்கிற தொட்டி) ஒன்றுதான். அதைத் தாண்டி வர்ற தண்ணீர் மோர் மாதிரி வெளுத்து, மேலே வானவில் படலத்தோட ஓடுது.

டிராப்புக்கு அப்புறம் எடுத்த தண்ணீரின் லேப் ரிசல்ட்: எண்ணெய்–கிரீஸ் 86, சிஓடி (மாசை ரசாயனத்தால் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 810, பிஓடி (பாக்டீரியா அதைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன்) 300, மிதக்கும் திடப்பொருள் 240 (எல்லாம் மி.கி./லி.), பிஎச் 7.9.

ஆயிலைத் தின்னும் பாக்டீரியா பொடி ஒரு கிலோ பாக்கெட்டில் விக்கிறாங்க. வாரம் 100 கிராம் டிராப்பில் போட்டாலே போதும்ங்கிறாங்க. மார்கழி, தையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி வரைக்கும் இறங்கும். இது நடக்கிற காரியமா? இல்லைன்னா என்ன செய்யணும், எவ்வளவு போடணும்?

#2 கசடுக்கணக்கு

டிராப்பில் போட்டால் பணம்தான் கரையும், ஆயில் கரையாது.

டீசல், எஞ்சின் ஆயில் எல்லாம் கார்பன் சங்கிலி. பாக்டீரியா அதைத் தின்ன ஆரம்பிக்கிற முதல் வேலையே சங்கிலியின் ஒரு நுனியில் ஆக்சிஜனைச் செருகுவதுதான். நுனி ஆல்கஹாலாகி, பிறகு கொழுப்பு அமிலமாகும். அதன் பிறகு ரெண்டு ரெண்டு கார்பனாக நறுக்கித் தின்னும். காற்று இல்லாமல் இந்த முதல் படி நகராது. (காற்றில்லாமலும் தின்கிற இனங்கள் உண்டு. மாதக்கணக்கில் எடுக்கும், நமக்கு ஆகாது.) உங்க டிராப்பிலோ தண்ணீர் அசையக்கூடாது, மேலே ஆயில் மூடி போட்டிருக்கும், உள்ளே காற்றே போகாது. போதாததற்கு ரெண்டு மணி நேரத்தில் தண்ணீர் வெளியே போயிடும், போட்ட பாக்டீரியாவும் கூடவே போயிடும்.

பாக்டீரியா கடைசிப் பந்திக்கு வர்ற ஆள். முதல் பந்தியில் மிதக்கிற ஆயிலை டிராப் எடுக்கணும். ரெண்டாவதில் மோர் மாதிரி கலந்ததை மருந்து போட்டுப் பிரிக்கணும். மிச்சம் கரைந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளியும்தான் அதற்கு. பயோ தொட்டிக்குள் (காற்றூட்டி பாக்டீரியா வளர்க்கிற தொட்டி) போற தண்ணீரில் எண்ணெய் 20, 25-க்குள் இருக்கணும். உங்களது 86. அப்படியே விட்டால் ஆயில் கசடைச் (திரண்டு நிற்கிற பாக்டீரியாக் கூட்டம்) சுற்றி ஒட்டி ஆக்சிஜனை மறிக்கும், கசடும் அடியில் தங்காமல் மிதக்கும்.

ஓடையில் விட மத்திய விதி: எண்ணெய்–கிரீஸ் 10, பிஓடி 30, சிஓடி 250, திடப்பொருள் 100. பிஎச் 5.5-லிருந்து 9. இலக்கு அதுதான்.

ஒரு கேள்வி. சாம்பிளை எந்த பாட்டிலில் கொடுத்தீங்க?

#3 கோத்தகிரி_ராம்ப்

தண்ணி பாட்டில் சார். ஒரு லிட்டர்.

#4 கசடுக்கணக்கு

அப்ப 86 உண்மை அளவை விடக் குறைவு. எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கும், லேபில் ஊற்றும்போது பாட்டிலிலேயே தங்கிடும். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் வேணும். சாம்பிள் தண்ணீரால் பாட்டிலை அலசக்கூடாது, அலசினாலும் சுவரில் படிந்து கணக்கு ஏறிடும். விளிம்பு வரை நிரப்பி வழியவும் விடக்கூடாது, மேலே மிதக்கிறது வழிந்து போயிடும். எடுத்த உடனே ஆசிட் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டு வந்து, குளிரில் வைத்துக் கொடுங்க. பாட்டில் முழுவதையும் அவங்க கரைப்பானால் கழுவி எடுக்கணும், பாதி ஊற்றி அளக்கக்கூடாது. 120 வந்தாலும் ஆச்சரியமில்லை.

#5 பைப்லைன்_குன்னூர்

டிராப்பைப் பத்தி நான் சொல்றேன். பத்துக்கு எட்டு இடத்தில் தப்பு அங்கேதான்.

ஆயில் துளி மேலே ஏறுகிற வேகம் துளியின் அளவைப் பொறுத்தது, தண்ணீரின் கெட்டித்தன்மையையும் பொறுத்தது. 30 டிகிரியில் இருக்கிற தண்ணீரை விட 10 டிகிரி தண்ணீர் ஒன்றரை மடங்குக்கு மேலேயே கெட்டி. மேட்டுப்பாளையத்தில் நல்லா ஓடுற டிராப் டிராயிங்கை அப்படியே மேலே கொண்டு வந்து கட்டினால் தை மாசம் காலை வாரிடும்.

60 மைக்ரான் டீசல் துளி 10 டிகிரியில் மணிக்கு 80 செ.மீ. ஏறும். 20 மைக்ரான் துளி 9 செ.மீ.தான், அதை டிராப்பில் பிடிக்கவே முடியாது. ரெண்டு பிரஷர் வாஷர் சேர்ந்து ஓடினால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1.8 கன மீட்டர். அதை 0.8-ஆல் வகுத்தால் 2.25 சதுர மீட்டர் தண்ணீர்ப் பரப்பு. உள்ளே சுழல் வரும், அதற்குச் சேர்த்து 3.6 வைங்க: 3 மீட்டர் நீளம், 1.2 அகலம், 1.2 ஆழம். கவனிங்க, வேலை செய்றது பரப்பு. கிணறு மாதிரி ஆழமாத் தோண்டி அகலத்தைச் சுருக்கினால் பிரயோசனமில்லை.

அடுத்தது பம்ப். ராம்ப் (வண்டியை ஏத்திக் கழுவுற மேடை) குழியிலிருந்து மோட்டார் வைத்துத் தள்ளி டிராப்புக்கு விட்டிருந்தால் முதலில் அதைக் கழட்டுங்க. பம்ப் இறக்கை ஆயிலை அடிச்சு அடிச்சு நுண்துளி ஆக்கிடும், டிராப் கட்டியதே வீண். மலையில் சரிவு இனாமாக் கிடைக்குது, தானா இறங்க விடுங்க. பம்ப் வேணும்னா டிராப்புக்குப் பிறகுதான்.

வெளியே போற குழாயில் கீழ்நோக்கி எல்போ (வளைவுக் குழாய்) போட்டு, தண்ணீர் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழிருந்து எடுக்கணும். நிறைய இடத்தில் எல்போ உடைஞ்சு விழுந்திருக்கும். மேலே இருக்கிற ஆயில்தான் முதல்ல வெளியே போகும், யாரும் பாக்கறதில்ல.

கடைசியா கூரை. 60 சதுர மீட்டர் களத்தில் 50 மி.மீ. மழை விழுந்தால் 3,000 லிட்டர். அரை மணியில் இறங்கினா டிராப்பில் ஒரு மாசமா சேர்ந்த ஆயிலெல்லாம் ஓடைக்குப் போயிடும். தகரம் போட்டு, சுற்றி மேட்டு வரப்பு கட்டி, மழைத் தண்ணீரைத் தனியாத் திருப்புங்க. பாக்டீரியாவை விட தகரம் மலிவு.

டிராப்பை சுத்தம் பண்ண ஆளை உள்ளே இறக்காதீங்க. அடிக்கசடைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். வெளியே நின்னு பம்ப் வைத்தே எடுங்க.

#6 கொடை_மூலிகை

இவ்வளவு இரும்பும் சிமெண்டும் எதுக்குங்க? 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 2 கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு வாரம் புளிக்க வைத்து ஊற்றினால் எல்லா பாக்டீரியாவும் வந்துடும். கொடைக்கானலில் செப்டிக் டேங்க்குக்கு இதைத்தான் ஊத்தறாங்க.

#7 கசடுக்கணக்கு

செப்டிக் டேங்க் வேற, இது வேற. சாணத்தில் இருப்பது பெரும்பாலும் மாட்டு வயிற்றில் காற்றில்லாமல் புல்லைத் தின்று பழகிய கூட்டம். வெல்லம் இருக்கும்போது டீசலை எந்த பாக்டீரியாவும் திரும்பிப் பார்க்காது. பொங்கல் இருக்கும்போது பழைய கஞ்சியை யார் தொடுவாங்க? நீங்க சொன்ன கலவையின் பிஓடி, வாட்டர் சர்வீஸ் தண்ணீரை விடப் பல மடங்கு. சுத்தம் பண்றதுக்குன்னு ஊற்றி மாசைக் கூட்டின கணக்கு.

#8 அகார்_தட்டு

கொஞ்சம் நியாயமாகவும் பேசுவோம். சாணத்தில் ஆயில் தின்னிகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைவு, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வெல்லம்தான் பெரிய தப்பு.

பாக்கெட்டுக்கு வருவோம். உறையில் "கிராமுக்கு 100 கோடி" என்று போட்டிருந்தால், ஒரு கிலோவில் ஒரு லட்சம் கோடி உயிரணு. கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு பாக்டீரியாவின் ஈர எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆக, ஒரு கிலோ பாக்கெட்டில் இருக்கும் உயிருள்ள சரக்கு மொத்தமே ஒரு கிராம், மீதி தவிடும் மாவும். 3,000 லிட்டர் காற்றூட்டும் தொட்டி நன்றாக ஓடும்போது அதில் உலர் எடையாகவே 6 கிலோ கசடு இருக்கும். ஆறு கிலோவுக்கு நடுவில் ஒரு கிராம் என்ன செய்யும்? தொட்டியில் சூழ்நிலை சரியாக இருந்தால் அது பெருகும். சரியாக இருந்தால் பாக்கெட் இல்லாமலே பெருகும். சரியில்லாவிட்டால் பாக்கெட்டும் சாகும்.

பாக்கெட் முழு மோசடி என்று சொல்ல வரவில்லை. டெரி என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் போன்றவை எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் குவிந்த எண்ணெய்ச் சேற்றையும் மண்ணையும் மாற்றப் பயன்பட்டிருக்கின்றன. அங்கே அதை மக்காச்சோளக் கட்டைப் பொடியில் ஏற்றி, மண்ணோடு கிளறி, உரமும் ஈரமும் கொடுத்து மாதக்கணக்கில் பராமரிப்பார்கள். வாரம் 100 கிராம் தூவிவிட்டுப் போகிற வேலை இல்லை. இன்னொன்று, சில பாக்கெட்டுகளில் அல்கானிவோராக்ஸ் என்ற பெயரைப் பார்க்கலாம். எண்ணெய் தின்பதில் சூரன்தான், ஆனால் கடல் உப்பு வேண்டும். கோத்தகிரித் தண்ணீரில் அதற்கு வேலையே இல்லை.

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரைக்குப் பெரிய அளவில் தெளித்தது பாக்டீரியாவை அல்ல, நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள உரத்தை. தின்னும் கூட்டம் அங்கேயே இருந்தது. அதற்குச் சோறு இருந்தது, தொட்டுக்கொள்ளத்தான் இல்லை. அதுவும் குளிர்ப் பிரதேசம்தான்.

உங்களுக்கு வேண்டிய விதை உங்கள் ராம்புக்குக் கீழேயே இருக்கிறது. பல வருஷம் ஆயில் சொட்டிக் கறுத்த மண். அதில் இருக்கும் கூட்டம் ஆயிலுக்கும் பழகியது, உங்கள் ஊர்க் குளிருக்கும் பழகியது. பெருக்கும் முறை:

20 லிட்டர் வாளி இரண்டு எடுங்கள். இரண்டிலும் 15 லிட்டர் தண்ணீர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வையுங்கள். யூரியா 2 கிராம், டிஏபி 1 கிராம், ஆப்பசோடா 5 கிராம், புது எஞ்சின் ஆயில் 15 மி.லி. மீன் தொட்டிக் காற்றுப் பம்ப் ஒரு குழாய். முதல் வாளியில் மட்டும் கறுத்த மண் ஒரு கிலோ. இரண்டாவதில் மண் போடாதீர்கள், அது ஒப்பிட. 15–18 டிகிரியில் பத்து முதல் பதினைந்து நாள் பிடிக்கும். வாளி ஒன்றில் மேலே தகடாக இருந்த ஆயில் முதலில் ஓட்டை ஓட்டையாகப் பிளக்கும், பிறகு கடுகு மாதிரி உருண்டைகளாகி ஓரத்தில் ஒட்டும், தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். விரலால் தொட்டால் சோப்பு வழவழப்பு. பாக்டீரியா தானே ஒரு சோப்பைச் செய்து ஆயிலை உடைக்கிறது. அந்தக் கட்டத்தில் 3 லிட்டரைத் தெளிவாக எடுத்து, மண் இல்லாமல் புது 12 லிட்டரில் விட்டு, அதே அளவு உரமும் ஆயிலும் போடுங்கள். மூன்று முறை இப்படி மாற்றினால் ஆயிலில் வாழத் தெரிந்தவை மட்டும் மிஞ்சும்.

டீசல் போடாதீர்கள். காற்றுக் குமிழில் டீசல் ஆவியாகப் பறந்துவிடும், பாக்டீரியா தின்றதாக நினைத்து ஏமாறுவோம். விற்பனைக்காரர் காட்டும் "மூன்றே நாளில் மறைந்த டீசல்" வீடியோக்களில் பக்கத்தில் ஒப்பீட்டு வாளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வாளி எதற்கு என்பது அப்போது புரியும்.

#9 கோத்தகிரி_ராம்ப்

அக்கா, ரொம்ப நன்றி. மண்ணுக்கு நம்மகிட்ட பஞ்சமே இல்ல. இப்ப தொட்டி அளவும் உரக் கணக்கும் யாராச்சும் சொல்லுங்க.

#10 கசடுக்கணக்கு

முதலில் மோர் நிறத்தைப் போக்கணும். அது ஷாம்பு செய்த வேலை. அடிச் சட்டத்துக்கு டீசல் பீய்ச்சிக் கழுவுகிற பழக்கத்தை நிறுத்துங்க, பாதிச் சுமை அதில்தான் வருது. காஸ்டிக் கலந்த டிகிரீசருக்குப் பதில், ஆயிலைச் சீக்கிரம் விட்டுவிடுகிற வகை ஷாம்பு கேட்டு வாங்குங்க.

பிறகு மருந்து. படிகாரம் குளிரில் சோம்பேறி. பிஏசி (பாலி அலுமினியம் குளோரைடு) வாங்குங்க. 10 கிராம் பிஏசி பொடியை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால், அதில் 1 மி.லி. ஒரு லிட்டருக்கு விடுவது 100 மி.கி. அளவு. ஆறு கண்ணாடி ஜாடியில் 50, 100, 150, 200, 250, 300 என்று போட்டு, ஒரு நிமிடம் வேகமா, 20 நிமிடம் மெதுவாக் கலக்கி, அரை மணி விடுங்க. (கீழே சமவெளியில் 10 நிமிடம் கலக்கினால் போதும்.) பஞ்சு பஞ்சாத் திரண்டு நடுவில் தண்ணீர் தெளிந்து தெரிகிற மிகக் குறைந்த அளவுதான் உங்க அளவு. அதிகம் போட்டால் திரும்பக் கலங்கும், அதையும் ஜாடியிலேயே பார்க்கலாம்.

படிகாரமே போடுவதானால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 200 மி.கி. படிகாரம் சுமார் 100 மி.கி. காரத்தன்மையை (பிஎச் சரியாமல் தாங்குகிற சக்தி) தின்னும். நீலகிரி ஊற்றுத் தண்ணீர் மென்மை, அதில் காரத்தன்மை பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. லிட்டருக்கு 75 மி.கி. நீற்றுச் சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் பிஎச் சரிந்து பஞ்சு திரளாது.

இதற்குப் பிறகு 3,000 லிட்டர் சமன் தொட்டி. வண்டி காலையிலிருந்து சாயங்காலம் வரைதான் வரும், பாக்டீரியாவுக்கு ராத்திரியும் சாப்பாடு வேணும். அங்கிருந்து மணிக்கு 200 லிட்டர் என்று சின்ன பம்ப் வைத்து 24 மணி நேரமும் விடுங்க.

பயோ தொட்டி: 3,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ரெண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. 29 மணி நேரத் தங்கல். சமவெளியில் 14, 15 மணி நேரம் போதும். 27 டிகிரியில் நடக்கிற வேலை 12 டிகிரியில் நாற்பது சதவீத வேகத்தில்தான் நடக்கும், அதனால் இடத்தைக் கூட்டுறோம். உள்ளே மிதக்கிற பிளாஸ்டிக் மீடியா, கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு உள்ளது, மொத்தம் 1,200 லிட்டர்: முதல் தொட்டியில் 700, ரெண்டாவதில் 500. பாக்டீரியா அதில் ஒட்டி வளரும், மழையோ ஷாம்பு அதிர்ச்சியோ வந்தாலும் அடித்துக்கொண்டு போகாது. அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்றேன், கசடு எதிலும் ஒட்டாமல் தண்ணீரோடு கலந்து சுற்றுகிற கலங்கல் கசடு வகையைச் சொல்லலை.

உரம்: பிஓடி 300 × 5,000 லிட்டர், ஒரு நாளைக்கு 1.5 கிலோ. பிஓடி 100-க்கு 5 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். அதாவது 75 கிராம் நைட்ரஜன், 15 கிராம் பாஸ்பரஸ். டிஏபி 75 கிராம், யூரியா 135 கிராம். ராத்திரியே ஒரு வாளியில் ஊறவைத்து, மேல் தெளிவை சமன் தொட்டியில் விடுங்க. பிஏசி போட்ட பிறகுதான் டிஏபி. முன்னாடி போட்டால் பிஏசி பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திடும், பாக்டீரியாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. பிஏசிக்குப் பிறகு பிஓடியும் குறையும். ரிசல்ட் வந்ததும் உரத்தை அதே விகிதத்தில் இறக்கணும்.

காற்று: நாளைக்கு 2 கிலோ ஆக்சிஜன் வேணும். கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம். பம்ப் அதே லிட்டர் காற்றைத்தான் தள்ளும், அதற்குள் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஷாம்பு கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் பாதி. எல்லாம் கழித்தால் நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்றுப் பம்ப், 1.6 மீட்டர் தண்ணீர் ஆழத்துக்கு. சென்னை கேட்லாக்கைப் பார்த்து 120 லிட்டர் வாங்காதீங்க. கரைந்த ஆக்சிஜன் எந்நேரமும் 2 மி.கி.க்கு மேல் நிற்கணும்.

#11 பைப்லைன்_குன்னூர்

குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும்னு சொல்வாங்களே சார்?

#12 கசடுக்கணக்கு

கரையும். கடல் மட்டத்தில் 15 டிகிரியில் 10.1 மி.கி. கோத்தகிரி உயரத்தில் அது 8.1 ஆகிடும். சென்னையில் 28 டிகிரியில் 7.8. குளிர் கொடுத்ததை உயரம் பிடுங்கிக்கிது.

#13 மணலி_இடிபி

பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வரிசை இதேதான், அளவுதான் பெரிசு. ஏபிஐ செப்பரேட்டர், அதாவது பெரிய ஆயில் டிராப், 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துளியை எடுக்கும். அடுத்து டிஏஎஃப்: அழுத்தத்தில் கரைத்த காற்றை விட்டால் நுண்குமிழ் எமல்ஷனை (மோர் மாதிரி கலந்த ஆயில்) மேலே தூக்கி வரும். பிறகு சமன் தொட்டி, பயோ, கிளாரிஃபையர் (கசடை அடியில் தங்க வைக்கும் தொட்டி). வித்தியாசங்களைச் சொல்கிறேன்.

உங்களுக்குக் குளிர் பிரச்சினை. அங்கே சூடு. கச்சா எண்ணெயின் உப்பைக் கழுவும் டீசால்டர் தண்ணீர் கொதித்துக்கொண்டு வரும், 38, 40 டிகிரியைத் தாண்டினால் கசடு சிதறும், ஆறவைத்துத்தான் உள்ளே விடணும். உங்களுக்கு நைட்ரஜன் பற்றாக்குறை. அங்கே அமோனியா ஏற்கெனவே தாராளம், பாஸ்பாரிக் ஆசிட் மட்டும் சொட்டு சொட்டாகக் கொடுத்தால் போதும். சல்பைடு வந்தால் சில நிமிடங்களில் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அதனால் நீராவியால் வாயுவைப் பிரிக்கும் ஸ்ட்ரிப்பரில் முன்பே எடுத்துவிடுவார்கள், மிச்சத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு.

பீனால் விஷம்தான், ஆனால் பழகிய கசடுக்கு அது சாப்பாடு. வளையத்தில் ஆக்சிஜன் ஏற்றி கேட்டகால் ஆக்கி, வளையத்தை உடைத்துத் தின்றுவிடும். தினமும் 50 மி.கி. தின்று பழகிய தொட்டிக்குத் திடீரென்று 300 வந்தால்தான் ஆபத்து. ஸ்பென்ட் காஸ்டிக்கை (பயன்படுத்தி முடிந்த காஸ்டிக் கழிவு) ஒரே ஷிஃப்டில் திறந்துவிடுகிற தப்பு இங்கேதான் மாட்டும். முதலில் படுப்பது அமோனியாவை நைட்ரேட் ஆக்கும் கூட்டம், மீள வாரக்கணக்கில் ஆகும். அதனால் தனியாக ஒரு அவசரத் தொட்டி வைத்து அதிர்ச்சித் தண்ணீரைத் திருப்புவது வழக்கம். சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008-இல் வந்த விதி உங்களுடையதை விடக் கறார்: எண்ணெய் 5, பிஓடி 15, சிஓடி 125, பீனால் 0.35, சல்பைடு 0.5.

#14 ஊட்டி_ஷெட்

இழை சரியான நேரத்தில் வந்திருக்கு. இங்கே கலங்கல் கசடு வகைத் தொட்டி, 3,000 லிட்டர், நாளைக்கு 3,000 லிட்டர் வரத்து, பிஓடி 250. தண்ணீர் 11 டிகிரி. கெட்டியான பழுப்பு நுரை, அள்ளினால் பாயசம் மாதிரி. கழித்தால் மறுநாளே வருது. பிஎச் 4.9. வெளியே போற தண்ணீர் கலங்கல். யூரியா நாளைக்கு அரை கிலோ போடுறோம், டிஏபி இல்லை. கசடு எடுத்து ரெண்டு மாசம் ஆகுது. ஷாம்பு நுரைதானேங்க இது?

#15 கசடுக்கணக்கு

இல்லை. ஷாம்பு நுரை வெள்ளையா, லேசா, காற்றடித்தால் பறக்கும். பழுப்பும் கெட்டியும் என்றால் நூல் பாக்டீரியா. 15 டிகிரிக்குக் கீழே, எண்ணெய் இருக்கிற, கசடு பழசான தொட்டியில் மைக்ரோத்ரிக்ஸ் என்கிற நூல்வகை கொண்டாடும். இந்த மூணும் உங்ககிட்ட இருக்கு.

பிஎச் வேற கதை, யூரியா செய்தது. அரை கிலோவில் 230 கிராம் நைட்ரஜன். தேவை 37 கிராம். மிச்சம் 190 கிராம் சொச்சம், லிட்டருக்கு 64 மி.கி. ரெண்டு மாசக் கசடில் நைட்ரேட் ஆக்கும் கூட்டம் குடியேறியிருக்கும். அது ஒரு மி.கி. நைட்ரஜனுக்கு 7.14 மி.கி. காரத்தன்மையைத் தின்னும்: 457. உங்க தண்ணீரில் இருப்பது 30 இருந்தால் அதிகம்.

#16 அகார்_தட்டு

சிறு திருத்தம். யூரியா அமோனியாவாக உடையும்போது ஒரு மி.கி. நைட்ரஜனுக்கு 3.57 காரத்தன்மையைத் திருப்பித் தரும். நிகரமாகப் போவது 228 தான். அமோனியம் சல்பேட் போட்டிருந்தால் உங்கள் 457 சரி. முடிவு மாறாது, 30-ஐ வைத்து 228-ஐ சமாளிக்க முடியாது.

#17 கசடுக்கணக்கு

ஒத்துக்கறேன், பாதியை மறந்துட்டேன்.

ஊட்டி, செய்ய வேண்டியது: யூரியாவை நாலு நாள் நிறுத்துங்க. ஆப்பசோடா அரை கிலோ, 3,000 லிட்டருக்கு 100 மி.கி. காரத்தன்மை ஏறும். ஒரே நேரத்தில் கொட்டாமல் காலையில் பாதி, மாலையில் பாதி. பிஎச் 6.8, 7-க்கு வந்ததும் யூரியா 65 கிராம், டிஏபி 37 கிராம் என்று ஆரம்பிங்க. பாஸ்பரஸே இல்லாமல் இவ்வளவு நாள் ஓட்டினதும் கலங்கலுக்கு ஒரு காரணம்.

நுரையை வலைக் கரண்டியால் அள்ளித் தனி டிரம்மில் போடுங்க, தொட்டிக்குத் திருப்பவே கூடாது. நூல் கூட்டம் நுரையில்தான் குவிந்திருக்கும், திருப்பி விடுவது விதை போடுகிற மாதிரி. தினமும் தொட்டியிலிருந்து 250 லிட்டர் கலங்கலை வெளியே எடுத்து, தெளிவை மட்டும் திரும்ப விடுங்க. கசடின் வயசு (தொட்டியில் அது தங்குகிற நாள்) 12 நாளுக்கு இறங்கும். முன்னாடி டிராப்பில் எல்போ இருக்கான்னும் பாருங்க. எண்ணெய் வரத்து நிற்காமல் நுரை நிற்காது.

ஒரு லிட்டர் ஜாடியில் அரை மணி தங்க விட்டுத் தினமும் குறிச்சு வைங்க. இப்ப 900 மி.லி. வரை கசடு நிற்கும்னு நினைக்கிறேன். 300-க்கு இறங்கினால் சரியாகுதுன்னு அர்த்தம். மூணு வாரமாவது பொறுக்கணும், குளிர்.

#18 ஊட்டி_ஷெட்

ஜாடியில் 920. எல்போ இல்லை, உள்ளே விழுந்து கிடக்கு.

#19 பைப்லைன்_குன்னூர்

சொன்னேனா!

#20 கோத்தகிரி_ராம்ப்

கடைசிச் சந்தேகம். தினமும் வர்ற கசடை என்ன செய்றது? பக்கத்துக் கேரட் தோட்டத்தில் கேக்கறாங்க, உரம்னு.

#21 அகார்_தட்டு

கொடுக்கவே கூடாது. பாக்டீரியா கார்பனைத் தின்னும், உலோகத்தைத் தின்னாது. எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கிற துத்தநாகம், பிரேக், பேரிங்கிலிருந்து வரும் தாமிரம், ஈயம் எல்லாம் தண்ணீரிலிருந்து வெளியேறிக் கசடில்தான் வந்து நிற்கும். தண்ணீர் சுத்தமாக ஆக, கசடு அசுத்தமாகும். பழைய எஞ்சின் ஆயிலில் உள்ள பல வளைய ஹைட்ரோகார்பன்களும் எளிதில் உடையாமல் அதிலேயே ஒட்டும். கேரட் மண்ணுக்குள் விளைவது.

#22 கசடுக்கணக்கு

அளவு: பயோ கசடு உலர் எடையில் நாளைக்கு 600 கிராம், ஈரமா 60 லிட்டர். அதுபோக பிஏசி கசடு, அதில்தான் ஆயில் அதிகம். கூரை போட்ட மணல் படுக்கையில் காய வைங்க, இல்லாவிட்டால் மலையில் கசடு காயவே காயாது. அடியில் வடிகிற தண்ணீர் சமன் தொட்டிக்குத் திரும்பணும். காய்ந்ததை மூடியுள்ள டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல் வைங்க. டிராப்பில் வழித்த ஆயிலுக்குத் தனி டிரம், ரெண்டையும் கலக்காதீங்க. ஆயிலை அங்கீகாரம் உள்ள மறுசுழற்சிக்காரர் எடுப்பார், கசடு கலந்தால் எடுக்க மாட்டார். 2016 அபாயக் கழிவு விதிப்படி ரெண்டுமே பட்டியலில் இருக்கு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று பதிவேடு வேணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதிக்கு எழுதும்போதே இந்த ரெண்டு டிரம்மையும் வரைபடத்தில் காட்டிடுங்க.

#23 கோத்தகிரி_ராம்ப்

சரிங்க. முதல்ல தகரமும் எல்போவும். வாளி ரெண்டும் இன்னிக்கே வைக்கிறேன், மண் இல்லாதது உட்பட.